மகனின் விண்ணப்பமும் வாப்பாவின் கணக்கும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு வாரம் இருக்கும். எங்கள் புத்தளம் பஸாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் லுஹர் தொழுதுவிட்டு நேராக எனது கடைக்கு வந்தார். முகத்தில் சந்தோசம். "நானா, மகனுக்கு ரெண்டு ஏ, ஒரு பி. கொழும்பு கெம்பஸ் கிடைக்கும்தானே?" என்று கேட்டார்.

"இசட் புள்ளி எவ்வளவு?" என்றேன். தெரியவில்லை. "எந்தெந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பம் போடப் போகிறார்?" என்றேன். "கொழும்பைப் போடச் சொல்லியிருக்கேன், மச்சான் வீடு வெள்ளவத்தையிலதானே" என்றார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலை வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் பெடியன் பார்த்துக்குவான்" என்று பதில் வந்தது.

இதே நண்பர் போன மாதம் என்னிடம் ஒரு வாளி பெயின்ட் வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டுத்தான் வந்தார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உற்பத்தித் திகதியை வாசித்து, கழிவு எவ்வளவு என்று பேரம் பேசினார். அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. அவர் இன்று செய்வதை 2015 இல் நான் செய்தேன். அதற்கான விலையை எனது மூத்த மகன் கொடுத்தான்.

வியாபாரச் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்தக் கதையை எழுதுகிறேன். எனது மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மகன் 2011 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினான். நல்ல பெறுபேறு. அப்போது கடையில் யாவாரமும் நன்றாக இருந்தது. வீடு கட்டுபவர்கள் அதிகம். சீமெந்து, கம்பி, பைப் என்று லொறி வந்த கையோடு விற்றுப்போகும் காலம். கையில் காசு இருந்ததால், மகனை இங்கே வைத்திருப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைத்தேன். கொழும்பில் ஒரு பாடசாலையில் வர்த்தகப் பிரிவில் சேர்த்தேன். தங்குமிடம், சாப்பாடு, நான்கு இடத்தில் டியூஷன் என்று மாதாமாதம் செலவு. வாப்பாவின் கடமையை முழுதாகச் செய்துவிட்டேன் என்ற பெருமை வேறு.

2014 இல் பரீட்சை எழுதினான். கணக்கீட்டில் ஏ, மற்ற இரண்டிலும் பி. முகாமைத்துவம் படிக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. விண்ணப்பம் நிரப்பும் நாளில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி. இந்த மூன்றையும் போடு. மற்றதெல்லாம் போட்டால் அங்கே தூக்கிப் போட்டுவிடுவான்கள்" என்றேன். மகன் முகத்தைப் பார்த்தான். "கீழே இன்னும் சிலதைப் போடலாமாம் வாப்பா, சேர் சொன்னார்" என்றான். சேருக்கு என்ன தெரியும் என்று சொல்லி மூன்று குறியீட்டோடு நிறுத்தினேன்.

வெட்டுப்புள்ளி வந்தபோது மூன்றுக்குமே அவனுடைய புள்ளி காணவில்லை. மிகச் சிறிய தசம வித்தியாசம்.

அவனோடு சாதாரண தரம் வரை ஒரே வகுப்பில் படித்த பக்கத்துத் தெருப் பையன், கொழும்புக்கு அனுப்ப வசதி இல்லாததால் இங்கேயே படித்தவன். எனது மகனை விடக் குறைந்த இசட் புள்ளி. அவனுக்கு ஒரு முகாமைத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. அவனுடைய வாப்பா மாட்டு வண்டியில் விறகு விற்றவர். எங்கேயோ ஊழல் நடந்திருக்கிறது என்று நான் இரண்டு நாள் பஸாரில் சத்தம் போட்டேன். பிறகு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கைநூலைத் திறந்து விளக்கினார். ஊழல் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் விளக்கியதை நமது பாஷையில் சொல்கிறேன். சீமெந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கோட்டா முறை இருக்குமே, அதுபோல. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூறு இடம் இருந்தால், நாற்பது இடம் முழு இலங்கைக்கும் பொதுவாகப் புள்ளி வரிசையில் போகும். ஐம்பத்தைந்து இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்சம் ஐந்து இடம், கல்வி வசதியில் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். அந்த 16 இல் எங்கள் புத்தளம் இருக்கிறது. மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை, இரத்தினபுரி எல்லாம் இருக்கின்றன. கொழும்பு இல்லை, கண்டி இல்லை, குருநாகல் இல்லை.

பிள்ளை எந்த மாவட்டத்தின் கணக்கில் சேரும்? வாப்பாவின் வீடு எங்கே, கடை எங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே என்பதையெல்லாம் விட, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மகன் சாதாரண தரம் முடிந்த கையோடு கொழும்பு போனதால் கொழும்பு மாவட்டக்காரனாகிவிட்டான். நாட்டிலேயே அதிகப் போட்டி உள்ள வரிசையில் நான்தான் காசு கொடுத்து அவனை நிற்பாட்டினேன்.

இந்த விடயம் எங்கள் பகுதியில் இன்னொரு விதத்திலும் குழப்பம் தருவது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்த குடும்பங்களில், காணி உறுதி மன்னாரில், பிள்ளைகள் படிப்பது புத்தளத்தில் என்று இருப்பவர்கள் பலர். விண்ணப்பத்தில் மன்னாரைப் போடுவதா புத்தளத்தைப் போடுவதா என்று கடைசி நேரத்தில் அலைவார்கள். பாடசாலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். வேறு சிலர், பரீட்சை நெருங்கும்போது பின்தங்கிய மாவட்டப் பாடசாலை ஒன்றில் பெயரைப் பதிந்து குறுக்கு வழி தேடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த மூன்று வருட விதி. நமது ஆட்கள் இதில் காட்டும் கெட்டித்தனத்தில் பாதியைக் கைநூல் வாசிப்பதில் காட்டலாம்.

அப்படியானால் பிள்ளையை வெளியூர் அனுப்பவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் தமிழ் மொழியில் படிப்பிக்க ஆசிரியரே இல்லாத ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருந்து மூன்று பாடத்திலும் எஸ் எடுப்பதை விட வெளியே போய் நல்ல புள்ளி எடுப்பது மேல். ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இங்கே இருந்தால் எந்தப் புள்ளி போதும், அங்கே போனால் எந்தப் புள்ளி வேண்டும் என்பது முந்திய வருடங்களின் வெட்டுப்புள்ளிப் பட்டியலில் மாவட்டம் மாவட்டமாக அச்சாகியிருக்கிறது. லொறிக் கூலி சேர்த்து அடக்க விலை பார்க்காமல் சாமான் இறக்குவோமா? மகன் படித்தது வர்த்தகப் பிரிவு. அதற்கு இங்கேயே நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். நான் செலவழித்த காசில் பாதிக்கு, வார இறுதியில் வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து பத்துப் பிள்ளைகளுக்குப் பொருளியல் வகுப்பு வைத்திருக்கலாம்.

நான் செய்த இரண்டாவது பிழை மூன்று குறியீடு. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பிள்ளை தனது விருப்ப ஒழுங்கில் அவற்றை எழுத வேண்டும். தெரிவு செய்யும்போது மேலேயிருந்து பார்த்து வருவார்கள். முதலாவதுக்குப் புள்ளி போதுமென்றால் அதோடு நிற்கும். போதாவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கீழே இருபது எழுதியதால் மேலே உள்ளது கிடைக்காமல் போகாது. "நிறையப் போட்டால் தூரத்துக்குத் தூக்கிப் போடுவான்கள்" என்ற பஸார்க் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அதே நேரம், போகவே மாட்டேன் என்பதை எழுதவும் கூடாது. கிடைத்துப் பதிவு செய்த பின் மாறுவது இலேசான காரியமல்ல. கிடைத்தும் போகாவிட்டால் இன்னொரு பிள்ளையின் இடம் வீணாகும்.

ஒழுங்குதான் முக்கியம். அதை எழுத வேண்டியது படிக்கப் போகிறவர். வெள்ளவத்தையில் மச்சான் வீடு இருப்பது ஒரு வசதி. அது முதலாம் விருப்பத்துக்குக் காரணமாகாது.

மகன் 2015 இல் மறுபடியும் எழுதினான். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வரை பரீட்சை எழுதலாம். ஆனால் இரண்டாம் தடவையில் மனம் விட்டுப் போயிருந்தது. புள்ளி குறைந்தது. அப்போது நான் மூன்றாவது பிழையையும் செய்தேன். வெளிநாட்டுப் பட்டம் உள்ளூரில் இருந்தே எடுக்கலாம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தில் சேர்த்தேன். அழகான வரவேற்பறை, ஏசி, டை கட்டிய பிள்ளைகள். இரண்டு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் போனது. பட்டம் கொடுப்பதாகச் சொன்ன அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் எதிலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. காசு திரும்பவில்லை.

ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது கடைக்கு வந்தால் கம்பனிக் கடிதம் எங்கே என்று கேட்கிறோம். இங்கேயும் அதே கேள்விதான். உள்ளூர் தனியார் நிறுவனம் என்றால், குறிப்பிட்ட அந்தப் பட்டத்தை வழங்க அரசாங்க வர்த்தமானி மூலம் அனுமதி பெற்றிருக்கிறதா? வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய அந்தச் சபையின் பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். கடையை ஈடு வைத்து அனுப்பிவிட்டு இதைப் பிறகு விசாரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் தனியார் நிறுவனமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. முறையான அனுமதியோடு நல்ல பட்டம் கொடுப்பவை இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு 2017 இல் அரசாங்கம் ஆரம்பித்த வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டமும் இருக்கிறது. வட்டிக்குப் பயந்து பிள்ளையின் படிப்பை நிறுத்திய சகோதரர்கள், இந்த வருடம் விண்ணப்பம் கோரியிருக்கிறார்களா, நிபந்தனை என்ன என்று விசாரித்துப் பாருங்கள். கடையை விட்டு அசைய முடியாத மகனுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980 இல் ஆரம்பித்தது, முகாமைத்துவமும் சட்டமும் அங்கே படிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுபவர்களில் பெரும்பகுதியினருக்கு ஒவ்வொரு வருடமும் இடமில்லை என்பதால், இரண்டாவது வழியை முன்கூட்டியே யோசித்து வைப்பது அவசியம்.

மகன் கடைசியில் ஏஏடி முடித்தான். இன்று கடைக் கணக்கு, வற் வரி, வங்கி எல்லாம் அவன் கையில். என்னை விட நன்றாகச் செய்கிறான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் தங்கையிடம் ஒரு முறை, "வாப்பா அந்தப் புத்தகத்தை ஒரு தடவ பார்த்திருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். அவள் எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு.

அவளுடைய கதை வேறு. 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரம், கொரோனாவாலும் நாட்டு நெருக்கடியாலும் பிந்தி 2023 ஜனவரியில்தான் ஆரம்பித்தது. பெறுபேறு வந்தது செப்டம்பரில். இவளும் வர்த்தகப் பிரிவுதான். ஊரிலேயே படித்தாள். கைநூலைத் தானே வாங்கி, பென்சிலால் கோடு போட்டு, முந்திய வருடங்களின் புத்தள மாவட்ட வெட்டுப்புள்ளிகளை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். எனது கடையின் இருப்புப் புத்தகம் கூட அவ்வளவு சுத்தமாக இல்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குறியீடுகள்.

அந்த வரிசையில் ஒலுவிலுக்கு மேலே ரஜரட்டவை எழுதியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமது சூழல், சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, அதை மேலே போடு என்றேன். அவள் கோபப்படவில்லை. "வாப்பா, ஒலுவிலுக்குப் போய்ச் சேர ஒரு நாள் வேணும். மிஹிந்தலைக்கு அநுராதபுரம் பஸ்ஸில ஏறினா மூணு மணித்தியாலம். வருத்தம் எண்டா நீங்க அண்டைக்கே வந்துடலாம்" என்றாள். பிறகு மெதுவாக, "சிங்களப் பிள்ளைகளோட படிச்சா பாஷையும் வரும். உங்கட கடைக்கு வாற பாதிப் பேர் சிங்கள ஆக்கள்தானே" என்றாள்.

2015 ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போனேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

மிஹிந்தலை கிடைத்தது. மகளுடைய இசட் புள்ளி 2014 இல் மகன் எடுத்ததை விடக் குறைவு. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று பஸாரில் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் மகள்மார் இப்போது என் மகளிடம் தொலைபேசியில் கைநூல் பற்றிக் கேட்கிறார்கள்.

வேறு சில விடயங்களும் இருக்கின்றன. சாதாரண தரம் முடிந்து பாடப் பிரிவு தெரியும்போதே கைநூலைப் பார்ப்பது நல்லது. எந்தப் பாடச் சேர்க்கைக்கு எந்தக் கற்கைநெறி திறக்கும் என்பது அதில் இருக்கிறது. சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பு ஒரு பட்டப் படிப்பு. அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது, அறிவித்தலைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். புடவைக் கடைக்காரர்கள் நிறைந்த சமூகத்தில் இதை அறிந்த எத்தனை பேரைச் சந்தித்தேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். பொதுச் சாதாரணப் பரீட்சை என்ற பொது அறிவுப் பத்திரத்தில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். "அது என்ன, சும்மா பேப்பர்தானே" என்று விட்டுவிட்டு, மூன்று பாடத்திலும் நல்ல சித்தி பெற்றும் தகுதி இழந்த பிள்ளைகள் உண்டு.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்கிறேன். மகாபொல புலமைப்பரிசில் 1981 இல் ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறது. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இரண்டு கடையும் ஒரு வேனும் வைத்திருப்பவர், கிராம உத்தியோகத்தரிடம் போய் மாத வருமானத்தைக் கூலிக்காரனின் வருமானமாக எழுதி எடுப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த இடம் விறகு விற்றவரின் மகனுக்குரியது.

ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்தபோது நமது பிள்ளைகளுக்குக் காசுதான் தடையாக இருந்தது. இன்றும் காசு தடையாக உள்ள வீடுகள் இருக்கின்றன. ஆனால் பஸாரில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் இடத்தை இழப்பது காசில்லாமல் அல்ல. வாசிக்காத ஒரு புத்தகத்தாலும், பிள்ளைக்குப் பேச இடம் கொடுக்காத வாப்பாவாலும். வருடாவருடம் பெறுபேறு வந்த பின் விண்ணப்பம் முடியும் வரை கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நாட்களில் ஒவ்வொரு ஊர் வர்த்தக சங்கமும் தனது அலுவலகத்தில் நான்கு கைநூலும், ஒரு கம்பியூட்டரும், ஏற்கனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் மாலையில் இருக்க ஏற்பாடு செய்தால் போதும். தேநீர்ச் செலவு மட்டும்தான். எங்கள் சங்கத்தில் இதை இரண்டு முறை பிரேரித்தேன். முதல் முறை வாகனத் தரிப்பிடப் பிரச்சினை பேசியதில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். எனவே இந்த வருடம் எனது கடையின் பின் அறையில் பெயின்ட் வாளிகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டிருக்கிறேன். மகள் விடுமுறையில் வந்திருக்கிறாள்.

மேலே சொன்ன நண்பரின் கையில் அன்று ஒரு கைநூலைக் கொடுத்து அனுப்பினேன். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவருடைய மகன் நாளை அஸருக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாப்பாவைக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.